செலவு எங்கே போகிறது? மாணவர் கையால் ஒரு வரவு செலவுச் செயலி

உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பாடவேளையில் ‘ஒரு செயலி செய்வோமா?’ என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். என்ன செயலி என்று கேட்டதும் பாதிக் கைகள் இறங்கிவிடும். மீதிக் கைகள் விளையாட்டுச் செயலி கேட்கும். விளையாட்டுச் செயலியில் படம் நகர வேண்டும், ஒலி வர வேண்டும், மதிப்பெண் கூட வேண்டும். நிரலாக்கத்தை இப்போதுதான் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அதில் இரண்டாவது வாரத்திலேயே சோர்ந்துவிடுவார். வரவு செலவுச் செயலி அப்படியில்லை. எழுது, கூட்டு, வரைந்து காட்டு என்ற மூன்றே வேலைகள்தான் அதற்கு உண்டு. கூட்டத் தெரிந்த எவரும் அதன் விடையைச் சரிபார்க்க முடியும் என்பது புதியவருக்குப் பெரிய துணை.

ஆனால் இந்தச் செயலியில் கடினமான பகுதி கணினிக்கு வெளியே இருக்கிறது. என்னென்ன செலவினங்கள், அவற்றை எப்படிப் பிரிப்பது, படம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்ற கேள்விகளுக்கு வகுப்பு விடை கண்டாக வேண்டும். அதற்கே பாதி நேரத்தை ஒதுக்கலாம் என்பது என் கருத்து. நிரல் எழுதுவதை மாணவர் பின்னர் எங்கேயும் கற்றுக்கொள்வர். ஒரு குடும்பத்தின் செலவைப் படமாக்கும்போது அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம் என்பதைப் பள்ளியில் கற்காவிட்டால் வேறெங்கும் கற்பது அரிது.

யாருடைய கணக்கு?

‘வீட்டில் கேட்டு இந்த மாதச் செலவை எழுதி வாருங்கள்’ என்று சொல்வது எளிது. அதைச் சொல்லாதிருப்பதே நல்லது. வகுப்பில் அரசு ஊழியரின் பிள்ளையும் இருக்கும், செங்கல் சூளையில் வேலை செய்பவரின் பிள்ளையும் இருக்கும், தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளையும் இருக்கும். ஒரு வீட்டின் கடன் தவணையைப் பக்கத்து வரிசை மாணவர் திரையில் பார்த்துவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது. பிள்ளை சும்மா இருந்தாலும் ஊர் பேசும். ஆய்வகக் கணினிகளை எல்லா வகுப்பும் பயன்படுத்துவதால், சேமித்துவிட்டு வந்த கோப்பு அடுத்த பாடவேளைக்கு வருபவர் கண்ணில் படும் என்பதையும் மறக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமுமில்லை இது.

ஆகவே வகுப்பே ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கட்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறு நகரத்துக் குடும்பம். அப்பா தையல்காரர், அம்மா ஜவுளிக் கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள். மாதச் செலவு 18,000 ரூபாய். மளிகை, காய்கறி, பால் வகையில் 6,300, வீட்டு வாடகை 3,600, மகளிர் குழுக் கடன் தவணை 2,700, பிள்ளைகளின் படிப்பு 1,800, போக்குவரத்து 1,440, மருந்து 900, கேஸ், ரீசார்ஜ் 900, இதர செலவு 360. இந்தத் தொகைகளை நாம் சொல்லாமல் மாணவர்களையே விலை சொல்லவிட்டால் இன்னும் நல்லது. பால் பாக்கெட் என்ன விலை, பள்ளிப் பை எத்தனை ரூபாய் என்று அவர்களுக்குள் நடக்கும் பேச்சில் நமக்குத் தெரியாத விலைகள் வெளிவரும். யார் வீட்டு விலை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

செலவினம் பிரிக்கும் சண்டை

அடுத்தது செலவினப் பட்டியல். முதலில் எல்லாக் குழுக்களும் சாப்பாடு, வாடகை, பஸ் என்று எளிதாகத் தொடங்கும். அப்போது ஒரு சீட்டில் ‘மொய் 500’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இது எந்தத் தலைப்பில் வரும்? போன ஆண்டு நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்கிறோம் என்றால் அது கடன் அடைப்பு. நாளை நமக்குத் திரும்பி வரும் என்று செய்தால் ஒருவகைச் சேமிப்பு. திரும்பி வராது என்று தெரிந்தும் செய்தால் செலவு. மொய் நோட்டு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதில் ஆசிரியரைவிடத் தெளிவாகப் பேசுவர்.

சீட்டுக்குக் கட்டும் பணம் கையைவிட்டுப் போகிறது, ஆனால் செலவாகவில்லை. நகையை அடகு வைத்து வாங்கிய 10,000 ரூபாய் கைக்கு வருகிறது, ஆனால் வருமானமில்லை. கடன் தவணையில் ஒரு பகுதி வட்டி, ஒரு பகுதி அசல். வட்டி செலவு, அசல் பழைய செலவைத் திருப்பித் தருவது. அம்மா மளிகைக் காசில் மிச்சம் பிடித்து அரிசிப் பானையில் போட்ட சிறுவாடு எங்கே வரும்? செயலியில் ‘வரவு’, ‘செலவு’ என்ற இரண்டு பொத்தான்கள் மட்டும் இருந்தால் இவை எதற்கும் இடமில்லை. மூன்றாவதாக ‘சேமிப்பு’, நான்காவதாக ‘கடன்’ என்று மாணவர்களே கேட்டு வாங்கும் வரை காத்திருக்கலாம். கணக்குப்பதிவியல் ஆசிரியரை இந்தப் பாடவேளைக்கு அழைத்தால் குறிப்பேடும் பேரேடும் எதற்கு என்பதை அவர் இங்கேயே சொல்லிவிடுவார்.

செலவை முன்கூட்டியே தலைப்புகளாகப் பிரித்து எழுதும் பழக்கம் செல்போனோடு வந்ததில்லை. ஜப்பானில் ஹானி மொட்டொகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் குடும்பத் தலைவியருக்கென ஒரு கணக்கேட்டை அச்சிட்டு வெளியிட்டார். கக்கேய்போ என்ற பெயரில் இன்றும் அந்த முறை அங்கே புழக்கத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளில் சஞ்சயிகா சேமிப்புத் திட்டத்தை நடத்திய மூத்த ஆசிரியர்களுக்கும் இது பழகிய வேலைதான்.

‘இதர’ என்ற தலைப்பை மட்டும் கவனியுங்கள். முடிவெடுக்கச் சோம்பல்படும் குழு எல்லாவற்றையும் அதில் போட்டுவிடும். இதர செலவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்டியலைத் திருத்த வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அது கணினி விதி கிடையாது, நாம் வைப்பதுதான்.

ஒரு செலவு, ஒரு வரி

இனி விரிதாள். லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது ஓபன் ஆபிஸ் கால்க் போதும். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் படிக்கும் மாணவருக்குப் பழக்கமானதுதான். தேதி, செலவினம், குறிப்பு, தொகை என நான்கு நிரல்கள். ஒவ்வொரு செலவுக்கும் தனி வரி. ‘திங்கள்: பால், பஸ், பேனா 85’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் பின்னர் எந்த நிரலாலும் அதைப் பிரிக்க முடியாது.

புதியவர்களின் படம் தவறாக வருவதற்கு நிரல் காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் தரவுதான் காரணம். ‘பஸ்’, ‘பேருந்து’, பின்னால் ஓர் இடைவெளியோடு மறுபடி ‘பஸ்’ என்று எழுதியிருந்தால் கணினிக்கு அவை மூன்று செலவினங்கள். மூன்று பட்டைகள் எழும். டேட்டா மெனுவிலுள்ள வேலிடிட்டி வசதியால் செலவினத்தைப் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். தொகைக் கட்டத்தில் ‘ரூபாய் 50’ என்று சொல்லோடு எழுதினால் அது எண்ணாகாது. கூட்டும் சூத்திரம் சத்தமில்லாமல் அதை விட்டுவிடும். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும் என்ற அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் கண்ணாலேயே பிழையைப் பிடிப்பர். தேதியும் அப்படித்தான். 5/3 என்பது மார்ச் 5ஆ, மே 3ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. 2025-03-05 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் குழப்பமில்லை, வரிசைப்படுத்துவதும் எளிது.

அஞ்சறைப் பெட்டியும் பைத்தானும்

விரிதாளில் சம்இஃப் சூத்திரம் செலவினவாரியாகக் கூட்டித் தரும். பலருக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிரல் எழுத விரும்பும் குழு பைத்தானுக்குப் போகலாம். அதற்கு முன் ஒரு பாடவேளை கணினியைத் தொடாமல் செய்யுங்கள். மேசையில் எட்டு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செலவினத்தின் பெயர். செலவுகளை எழுதிய சீட்டுகளை ஒரு மாணவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். மற்றொருவர் உரிய டப்பாவில் போட்டு, டப்பா மேல் எழுதியுள்ள மொத்தத்தை மாற்றுவார். பைத்தானில் டிக்ஷனரி என்பது இந்த டப்பா வரிசைதான். சமையலறை அஞ்சறைப் பெட்டி என்று சொன்னால் இன்னும் சட்டென்று விளங்கும். விளையாட்டு முடிந்ததும், என்ன செய்தோம் என்பதை மாணவர்களே தமிழில் எழுதுவர். ஏறக்குறைய இப்படி வரும்:

எல்லா அறைகளிலும் 0 வை.
கோப்பிலிருந்து ஒரு வரியை எடு.
அந்த வரியின் செலவினம் எதுவோ அந்த அறையில் தொகையைக் கூட்டு.
வரிகள் தீரும்வரை திரும்பச் செய்.
ஒவ்வோர் அறையின் பெயரையும் தொகையையும் காட்டு.

இந்த ஐந்து வரிகளை அப்படியே பைத்தானுக்கு மாற்றினால் நிரல் ஓடும். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பல ஆசிரியர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும். ‘மொத்தம்’, ‘செலவு’ என்று மாறிக்குப் பெயர் வைத்த மாணவர் நிரலைப் படிக்கும் வேகமே வேறு.

ஒரு புதிர் இங்கே எழும். பைத்தானிடம் 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை தரும். கணினி பின்னங்களை இரும எண்ணில் சேமிப்பதால், 0.1 அதில் முடிவில்லாமல் நீள்கிறது. மூன்றில் ஒன்றை நாம் பதின்மத்தில் 0.333 என்று எங்கோ வெட்டுவதுபோல அதுவும் வெட்டிவிடுகிறது. பணக் கணக்கில் இதற்கு எளிய தீர்வு உண்டு. 25 ரூபாய் 50 பைசாவை 2550 பைசா என்று முழு எண்ணாகச் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் நூறால் வகுக்க வேண்டும். கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு கிடைக்காது.

பட்டையா வட்டமா

எட்டாம் வகுப்பிலேயே வட்ட விளக்கப்படம் வந்துவிடுவதால் எல்லாக் குழுவும் அதையே கேட்கும். கேட்கட்டும். நம் குடும்பத்தின் உணவுச் செலவு 35 விழுக்காடு, எனவே 126 பாகை. வாடகை 72 பாகை. கடன் தவணை 54 பாகை. இவை தெளிவாகத் தெரியும். போக்குவரத்து 28.8 பாகை, மருந்து 18 பாகை. இந்த இரண்டில் ஒன்று மற்றொன்றைப்போல எத்தனை மடங்கு என்று எண்ணை மறைத்துவிட்டு வகுப்பில் கேளுங்கள். ஆளுக்கொரு விடை வரும். அதே இரண்டையும் பட்டையாக வரைந்து கேட்டால் விடைகள் நெருங்கி வரும். கோணத்தைவிட, பொது அளவுகோலில் அமைந்த நீளத்தையே மனிதக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்பதை கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இருவர் 1984இல் சோதனை மூலம் காட்டினர். வகுப்பு அதே சோதனையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறது.

இரண்டு படங்களும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்பது சுவையான செய்தி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோட்டுப் படங்களாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் பல ஆண்டுத் தரவு கிடைக்கவில்லை. ஓராண்டு எண்களை வைத்துக் கோடு வரைய முடியாதே என்று நாட்டுக்கு நாடு பட்டைகளாக வரைந்தார். தரவுக் குறையிலிருந்து பிறந்தது பட்டை விளக்கப்படம். வட்டப் படம் அவருடைய 1801ஆம் ஆண்டு நூலில் வந்தது.

பட்டை 0இலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். படிப்புச் செலவு 1,800, மருந்து 900, இரண்டு மடங்கு. அச்சை 500இலிருந்து தொடங்கினால் பட்டை உயரங்கள் 1,300க்கும் 400க்கும் உரியவையாகி மூன்று மடங்குக்கு மேல் தெரியும். எண் பொய் சொல்லவில்லை, படம் சொல்லிவிட்டது. செய்தித்தாளில் இப்படிப்பட்ட படங்களைத் தேடி வரச் சொல்லலாம்.

எந்த நாளில் பார்க்கிறோம் என்பதும் படத்தை மாற்றும். மாதத்தின் முதல் வாரம் மொத்தம் 6,000 செலவாகி அதில் வாடகை 3,600 என்றால், வாடகை 60 விழுக்காடு என்று செயலி அலறும். மாதக் கடைசியில் அதே வாடகை 20 விழுக்காடு. ஜூன் மாதமும் தீபாவளி மாதமும் மற்ற மாதங்களைப்போல இருக்காது. தீபாவளித் துணிக்கு 6,000 ஆகுமென்றால் மாதம் 500 என்று பிரித்துக் காட்டும் வசதியை மாணவரே கண்டுபிடிக்கட்டும்.

சிவப்பு விளக்கு யாருக்கு?

செயலி ஓரளவு ஓடத் தொடங்கியதும் ‘அதிகம் செலவானால் சிவப்பாகக் காட்டு’ என்று எல்லாக் குழுவும் சேர்த்துவிடும். இந்த இடத்தில்தான் ஆசிரியர் குறுக்கிட வேண்டும். எது அதிகம்? இணையத்தில் பரவலாகக் காணும் 50-30-20 விதியைச் சிலர் எடுத்து வருவர்: தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 விழுக்காடு. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் எழுதிய நூல் வழியாகப் பரவியது அது. நம் தையல்காரர் குடும்பத்தை அதில் பொருத்திப் பாருங்கள். உணவு, வாடகை, கடன், படிப்பு, போக்குவரத்து, மருந்து, கேஸ் எல்லாம் சேர்ந்து 98 விழுக்காடு. செயலி முழுவதும் சிவப்பு. அந்தக் குடும்பம் எங்கே ஊதாரித்தனம் செய்தது? மாணவர்கள் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857இலேயே கண்டு சொன்னார். 35 விழுக்காடு உணவுக்குப் போகிறது என்பது அந்தக் குடும்பத்தின் வருமானத்தைப் பற்றிய செய்தி. அவர்கள் குணத்தைப் பற்றியதில்லை. இதை விளக்காமல் ‘சிக்கனம்’ என்று ஒரு சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதினால், வீட்டில் உண்மையிலேயே பணம் போதாத பிள்ளை தன் அம்மாவைத்தான் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு போகும். மருந்துக்கும் படிப்புக்கும் சிவப்பு வேண்டாம் என்று ஒரு குழு, மாற்ற முடிந்த செலவுக்கு மட்டும் எச்சரிக்கை போதும் என்று இன்னொரு குழு, எச்சரிக்கையே வேண்டாம், போன மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் போதும் என்று மூன்றாவது குழு என மாறுபட்டு நின்றால் பாடம் சரியாகப் போகிறது. எனக்குப் பிடித்தது மூன்றாவது. நிறத்தைப் பயன்படுத்தினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் வகுப்பிலேயே இருக்கலாம் என்பதால் பக்கத்தில் சொல்லாலும் எழுதச் சொல்லுங்கள்.

படத்தில் வராதவற்றையும் ஒருமுறை பட்டியலிடலாம். நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசி, பள்ளி மதிய உணவு, நகரப் பேருந்தில் அம்மாவின் கட்டணமில்லாப் பயணம். இவற்றுக்கு ரசீதில்லை, எனவே பட்டையில்லை. அம்மா வீட்டில் செய்யும் சமையலுக்கும் பட்டையில்லை. இவற்றை வெளியே வாங்கியிருந்தால் 18,000 எத்தனையாகியிருக்கும் என்று ஒரு குழு கணக்கிட்டால் சமூக அறிவியல் பாடவேளை தானாக நிரம்பும்.

தொடக்கப் பள்ளியில்

ஐந்தாம் வகுப்புக்கு நிரலும் விரிதாளும் தேவையில்லை. காலித் தீப்பெட்டிகள் 60 போதும். ஒரு பெட்டி 300 ரூபாய். உணவுக்கு 21 பெட்டிகள், வாடகைக்கு 12, கடனுக்கு 9, படிப்புக்கு 6 என்று அடுக்கினால் மேசை மேல் பட்டை விளக்கப்படம் எழுந்துவிடும். போக்குவரத்துக்கு 4.8 பெட்டி வரும். ஒரு பெட்டியைக் கிழிப்பதா, 5 என்று வைப்பதா? 5 என்று வைத்தால் மிகுதி எந்த அடுக்கில் குறையும்? முழுமையாக்கலைப் பாடநூலில் படித்ததைவிட இந்தக் கேள்வியில் நன்றாகப் பிடித்துக்கொள்வர்.

செய்வோருக்குச் சில குறிப்புகள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் வரும் பைபிளாட்டைக் கொண்டு படம் வரையும் குழுவுக்கு, தமிழ்ச் சொற்களுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியலாம். இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாததே காரணம். தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டாலும் ‘செ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி விழலாம். அப்படியானால் பைத்தான் கூட்டித் தந்த தொகையைக் கால்க்குக்குக் கொண்டுவந்து அங்கே வரையுங்கள். எழுத்து ஒழுங்காக வரும்.

சந்தையில் கிடைக்கும் செலவுச் செயலிகளில் சில, வங்கிக் குறுஞ்செய்திகளைத் தாமே படித்துக் கணக்கெழுதும். அனுமதி கேட்கும் அந்தத் திரையை வகுப்பில் காட்டிப் பேசுங்கள். வங்கிச் செய்தி வரும் அதே பெட்டிக்குத்தான் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வருகிறது. தாங்கள் செய்த செயலிக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை என்பதை மாணவர் அப்போது கவனிப்பர். கோப்பு அவர்களுடைய பென்டிரைவில் இருக்கிறது, அவ்வளவுதான். விரும்புவோர் வீட்டில் சொந்தக் கணக்குக்கு அதைப் பயன்படுத்தலாம். அந்தக் கோப்பு பள்ளிக்கு வர வேண்டியதில்லை.

எட்டுப் பாடவேளைகளில் முடிக்கலாம். செலவினப் பேச்சுக்கு மூன்று, டப்பா விளையாட்டுக்கு ஒன்று, விரிதாளும் நிரலும் சேர்த்து மூன்று. கடைசிப் பாடவேளையில் ஒரு குழுவின் தரவுக் கோப்பை மற்றொரு குழுவின் செயலியில் போட்டு ஓடவிடுங்கள். பெரும்பாலும் ஓடாது. ஒருவர் ‘மருந்து’ என்று எழுதியிருப்பார், மற்றவர் ‘மருத்துவம்’ என்று. இரண்டு குழுக்களும் உட்கார்ந்து பேசி, இரண்டுக்கும் பொதுவான ஒரு செலவினப் பட்டியலை எழுதித் தர மணி அடிக்கும் வரை நேரம் கொடுங்கள்.